நகச்சுத்தி: எலுமிச்சம்பழம் மட்டும் போதுமா?

விடியற்காலை மூன்று மணி. வீடே தூங்குகிறது. நீங்கள் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து, வலது கை ஆள்காட்டி விரலை இடது கையால் பிடித்துக்கொண்டு, சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கையைத் தொங்கவிட்டால் விண் விண் என்று தெறிக்கிறது. தலைக்கு மேலே தூக்கி வைத்தால் கொஞ்சம் தேவலை. போர்வை நுனி பட்டால்கூட உயிர் போகிறது. ‘இத்தனூண்டு விரலுக்கு இவ்வளவு வலியா!’ என்று அழுகையே வந்துவிடும்போல் இருக்கிறது.

எப்படி ஆரம்பித்தது? ஞாயிற்றுக்கிழமை டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது நகத்தோரம் நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்த தோலைப் பல்லால் கடித்து இழுத்தீர்கள். சுருக்கென்றது. துளி ரத்தம் வந்தது. துடைத்துவிட்டு மறந்துபோனீர்கள். செவ்வாய்க்கிழமை அந்த இடம் சிவந்தது. புதன்கிழமை மாமியார் பார்த்துவிட்டு, “நகச்சுத்திம்மா! ஒரு எலுமிச்சம்பழத்தைக் குடைஞ்சு மாட்டிக்கோ, ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்றார். மாட்டிக்கொண்டீர்கள். இப்போது வெள்ளிக்கிழமை விடியப்போகிறது. விரல் வெண்டைக்காய் அளவிலிருந்து கத்தரிக்காய் அளவுக்கு வந்துவிட்டது!

அனேகமாக எல்லார் வீட்டிலும் நடந்திருக்கக்கூடிய கதைதான் இது. பெரும்பாலும் சுபமாகவே முடியும். ஆனால், சில வீடுகளில், முக்கியமாக சர்க்கரை நோயாளி இருக்கிற வீடுகளில், ஆபரேஷன் தியேட்டர் வரை போய்விடுவதும் உண்டு. எதைக் கைவைத்தியத்தோடு விடலாம், எதற்கு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

நகத்தைச் சுற்றி என்னதான் இருக்கிறது?

உங்கள் கட்டை விரலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நகத்தின் இரண்டு பக்கங்களிலும், அடியிலும் தோல் மடிந்து நகத்தைச் சட்டம்போலப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இல்லையா? அடிப்பக்கத்தில், தோலும் நகமும் சேருகிற இடத்தில் மெல்லிய சவ்வு மாதிரி ஒன்று நகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்குப் பெயர் க்யூட்டிகிள்.

ஃப்ரிட்ஜ் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை இருக்கிறது பாருங்கள், அது மாதிரிதான் இதுவும். தண்ணீர், சோப்பு, அழுக்கு, கிருமி எதுவும் நகத்துக்கும் தோலுக்கும் நடுவே இருக்கிற சந்துக்குள் நுழையாமல் அடைத்து வைத்திருக்கிறது. ரப்பர் கிழிந்தால் ஃப்ரிட்ஜ் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். கடித்தாலோ, கிள்ளினாலோ, முள் குத்தினாலோ, பியூட்டி பார்லரில் அழகுக்காகத் தள்ளிச் சுரண்டினாலோ அந்த அடைப்பு திறந்துகொள்கிறது. காத்துக்கொண்டிருக்கும் பாக்டீரியா உள்ளே குடிபுகுகிறது.

அது எங்கேயோ வெளியூரிலிருந்து வருவதும் இல்லை. பெரும்பாலும் ‘ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்’ என்ற பாக்டீரியாதான் காரணம். ஆரோக்கியமாக இருக்கிற பலருடைய மூக்கிலும் தோலிலும் சாதுவாகக் குடியிருப்பது அது. நகத்தைக் கடிக்கிறவர்களுக்கு இதோடு வாயில் இருக்கிற கிருமிகளும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டு வகை, இரண்டு வைத்தியம்

நகச்சுத்தி என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் மருத்துவத்தில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, திடீர் வகை. ஒரே ஒரு விரலில் வரும். இரண்டு மூன்று நாட்களுக்குள் சிவப்பு, வீக்கம், சூடு, வலி எல்லாம் உச்சத்துக்குப் போகும். சீழ் பிடிக்கும்.

இரண்டாவது, நாள்பட்ட வகை. ஆறு வாரம் அல்லது அதற்கு மேல் நீடிக்கும். பெரும்பாலும் பல விரல்களில் இருக்கும். வலி அவ்வளவாக இருக்காது. நகத்தின் அடியில் தோல் உப்பிப் போய், க்யூட்டிகிள் காணாமல் போயிருக்கும். நகம் மேடு பள்ளமாக வளரும்.

முதல் வகைக்கான மருந்து இரண்டாவதற்கு அனேகமாகப் பயன்படாது. எது எது என்று தெரியாமல் ஒரே ஆயின்மென்ட்டை மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருப்பதுதான் பல வீடுகளில் நடக்கிற தப்பு.

திடீர் வகை: முதல் இரண்டு நாட்களில் என்ன செய்யலாம்?

சிவப்பும் லேசான வீக்கமும் மட்டும் இருக்கிறது, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை, உங்களுக்கு சர்க்கரை நோய் இல்லை. இந்த நான்கும் சரியாக இருந்தால் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம்.

1. முதல் வேலை, மோதிரத்தைக் கழற்றுங்கள். அந்த விரலில் இருந்தாலும் சரி, பக்கத்து விரலில் இருந்தாலும் சரி. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டால், வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

2. ஒரு கிண்ணத்தில், கை தாங்குகிற அளவு வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். விரலை 10 முதல் 15 நிமிடம் முக்கி வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை. சூட்டில் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடும், வலி குறையும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம்! நரம்பு மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளுக்குச் சூடு தெரியாது. டாக்டர் அவர்களுக்கு வெந்நீர் சிகிச்சை சொல்லியிருந்தால், தண்ணீரை வேறு யாராவது தொட்டுப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

3. வெளியே எடுத்ததும் சுத்தமான துணியால் ஒற்றித் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். டாக்டர் ஆண்டிபயாடிக் ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தால் இந்த நேரத்தில் தடவலாம். ம்யூபிரோசின், ஃப்யூசிடிக் ஆசிட் போன்றவை வழக்கமாகக் கொடுக்கப்படுபவை.

4. உட்காரும்போதும் படுக்கும்போதும் கையை உயர்த்தி வையுங்கள். தலையணை மேல் கையை வைத்துத் தூங்கினால் தெறிப்பு குறையும்.

5. வலிக்கு, ஒத்துக்கொள்ளும் என்றால், பாரசிட்டமால் போதும்.

6. அமுக்காதீர்கள். பிதுக்காதீர்கள். முக்கியமாக, அடுப்பில் காட்டிய ஊக்கால் குத்தாதீர்கள்! ஊக்கு முனை எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாது. மேலாக இருக்கிற கிருமியை ஆழத்துக்குத் தள்ளிவிட நீங்களே காரணமாகிவிடக் கூடாது.

ஆரம்ப நிலையில் இருக்கிற நகச்சுத்தி பலருக்கு இதிலேயே அடங்கிவிடும். இரண்டு நாளில் குறைய ஆரம்பிக்காவிட்டால் மூன்றாம் நாள் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

எலுமிச்சம்பழம் மாட்டலாமா, கூடாதா?

பாட்டி காலத்திலிருந்து வருகிற வைத்தியம் ஆச்சே, சும்மா தூக்கிப் போட்டுவிட முடியுமா? நியாயமாகப் பார்ப்போம்.

எலுமிச்சை மாட்டியவர்களில் பலருக்குக் குணமாகியிருப்பது உண்மைதான். ஏன்? லேசான நகச்சுத்தி பல நேரம் தானாகவே அடங்கக்கூடியது. தவிர, விரலில் பழத்தை மாட்டிக்கொண்டு யாராலும் பாத்திரம் தேய்க்க முடியாது. துணி துவைக்க முடியாது. ஆக, விரலுக்கு ஓய்வு கிடைக்கிறது. இடிபடாமல் பாதுகாப்பாகவும் இருக்கிறது. பெயர் எலுமிச்சைக்கு, வேலை பார்த்தது ஓய்வு!

ஆனால், மறுபக்கமும் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு அமிலம். கிழிந்த தோலில் எரிச்சலை உண்டாக்கும். மணிக்கணக்கில் ஈரத்திலேயே ஊறுகிற தோல் வெளுத்துத் தொளதொளத்துப் போகும். இன்னும் எளிதாகக் கிழியும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, பழத்துக்குள்ளே விரல் என்ன ஆகிறது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போவதுதான். சீழ் கட்டியிருக்கும், சிவப்பு கணுவைத் தாண்டியிருக்கும், நீங்களோ ‘பழம் இழுத்துக்கிட்டிருக்கு’ என்று தைரியமாக இருப்பீர்கள்.

உள்ளே கட்டிய சீழை எந்தப் பழமும் இழுக்காது. சுண்ணாம்பு இன்னும் மோசம். அது காரம்; தோலை வேகவைத்துவிடும். புண்பட்ட இடத்தில் சுண்ணாம்புப் பற்று வேண்டவே வேண்டாம்.

வீட்டுப் பெரியவரின் மனசு நோகாமல் இருக்க வேண்டுமா? “வெந்நீர்ல வெச்சுட்டு இருக்கேன் அத்தை, டாக்டரும் அதைத்தான் சொல்றார்” என்று சொல்லுங்கள். வெந்நீர் ஒத்தடமும் பாட்டி வைத்தியம்தானே!

சீழ் வைத்துவிட்டதா? எப்படித் தெரியும்?

நகத்தோரம் மஞ்சளாக அல்லது வெள்ளையாகத் தெரியும். தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி மெத்தென்று இருக்கும். வலி ‘எரிச்சல்’ என்ற நிலையிலிருந்து ‘தெறிப்பு’ என்ற நிலைக்கு மாறும். ராத்திரித் தூக்கம் போகும். வீட்டில் சின்னச் சோதனை ஒன்றும் செய்யலாம். வலிக்கிற விரல் நுனியைக் கட்டை விரலோடு சேர்த்து, மோதிர முத்திரை பிடிப்பதுபோல லேசாக அழுத்துங்கள். நகத்தோரம் ஓர் இடம் மட்டும் தனியாக வெளுத்துத் தெரிந்தால், அங்கே சீழ் இருக்கலாம்.

சீழ் கட்டிவிட்டால் மாத்திரையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. ஏன்? மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். சீழ்ப் பைக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. பூட்டிய அறைக்குள் திருடன் இருக்கிறான். போலீஸ் தெருவிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் எப்படிப் பிடிப்பது? கதவைத் திறந்தாக வேண்டும். அதாவது, சீழை வெளியேற்ற வேண்டும்.

“ஐயோ, கத்தியா!” என்று அலற வேண்டாம். டாக்டர் என்ன செய்வார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தேவைப்பட்டால் விரலின் அடிப்பகுதியில் மரத்துப்போக ஊசி போடுவார். அந்த ஊசி சுருக்கென்றுதான் இருக்கும். சில நிமிடங்களில் விரல் உங்களுடையதே அல்ல என்பதுபோல் ஆகிவிடும். நகத்துக்கும் தோல் மடிப்புக்கும் இடையே மெல்லிய கருவியை நுழைத்து, மடிப்பை லேசாகத் தூக்குவார். சீழ் வெளியே வந்துவிடும். பல பேருக்குத் தோலை வெட்டவேகூட வேண்டியிருக்காது, தையலும் கிடையாது. சீழ் நகத்துக்கு அடியில் போயிருந்தால் மட்டும் நகத்தின் ஒரு பகுதியை எடுக்க வேண்டிவரும்.

சீழ் வெளியேறிய அந்த நிமிடமே, ‘அப்பாடா!’ என்று ஒரு மூச்சு விடுவீர்கள் பாருங்கள், மூன்று நாளாக வராத தூக்கம் அன்றைக்கு மத்தியானமே வந்துவிடும்.

சீழ் சுத்தமாக வந்துவிட்டால், ஆரோக்கியமானவர்கள் பலருக்கு அதன்பிறகு ஆண்டிபயாடிக் மாத்திரை தேவைப்படாது. சிவப்பு பரவியிருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ டாக்டர் எழுதிக் கொடுப்பார். எது, எத்தனை நாள் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். போன வருஷம் தொண்டை வலிக்கு வாங்கி மீந்துபோன நாலு மாத்திரையை அலமாரியில் தேடாதீர்கள்! அரைகுறையாகச் சாப்பிட்ட ஆண்டிபயாடிக், கிருமிக்கு நாம் கொடுக்கிற டிரெய்னிங் மாதிரி.

முள், துருப்பிடித்த கம்பி போன்றவை குத்தி ஆரம்பித்தது என்றால், அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

தள்ளிப்போடவே கூடாத அறிகுறிகள்

கீழே சொல்லியிருப்பதில் ஒன்று இருந்தாலும் ‘நாளைக்குக் காலையில் பார்த்துக்கலாம்’ என்பது கூடாது.

● சிவப்பு நகத்தோரத்தைத் தாண்டி விரல் முழுக்க, அல்லது புறங்கைக்குப் பரவுவது.

● கையில் சிவப்புக் கோடு மேல்நோக்கி ஓடுவது. அக்குளில் நெறி கட்டுவது.

● காய்ச்சல், குளிர் நடுக்கம்.

● விரல் நுனியின் உள்பக்கச் சதை, கைரேகை வைக்கிற இடம், கல் மாதிரி இறுகி வீங்குவது. இந்தச் சதை சின்னச் சின்ன அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. உள்ளே சீழ் சேர்ந்தால் அழுத்தம் ஏறும். ரத்த ஓட்டம் தடைப்படும். அடியில் இருக்கிற எலும்புக்கே பாதிப்பு போகலாம்.

● விரல் முழுவதும் ஒரே சீராக வீங்குவது, பாதி மடங்கிய நிலையிலேயே நிற்பது, உள்ளங்கைப் பக்கம் விரல் நெடுகத் தொட்டால் வலிப்பது, யாராவது லேசாக நிமிர்த்தினாலே துடித்துப்போவது. இந்த நான்கும் சேர்ந்தால், கிருமி தசைநாண் உறைக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த அறுவை நிபுணர் ஆலன் கனவெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்த அறிகுறிகள் இவை. இன்றைக்கும் டாக்டர்கள் இவற்றைத்தான் தேடிப் பார்க்கிறார்கள். இதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி. தாமதித்தால் விரல் மடங்காமலே போய்விடலாம்.

● சர்க்கரை நோயாளிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள். இவர்களுக்கு முதல் சிவப்பே அபாயச் சங்கு. வலி குறைவாக இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம். நரம்பு மரத்திருப்பதால்தான் வலி தெரியவில்லை.

விரல்தானே என்று அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும்? ஒரு சரித்திரச் சம்பவம் சொல்கிறேன். 1847-ம் வருடம், வியன்னா பொது மருத்துவமனை. பிரேதப் பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி தவறுதலாக யாக்கோப் கொல்லெட்ச்கா என்ற பேராசிரியரின் விரலில் குத்திவிட்டது. சின்னக் காயம்தான். கிருமி ரத்தத்தில் கலந்து, சில நாட்களில் அவர் இறந்துபோனார். அவருடைய நண்பரான டாக்டர் இக்னாஸ் செம்மல்வைஸ் அந்தச் சாவு அறிக்கையைப் படித்தார். பிரசவ வார்டில் தாய்மார்களைக் கொன்றுகொண்டிருந்த ஜன்னியின் அடையாளங்கள் அப்படியே அதில் இருந்தன! பிணவறையிலிருந்து டாக்டர்களின் கை வழியாகத்தான் ஏதோ வருகிறது என்று அவருக்குப் புரிந்தது. குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் எல்லோரும் கை கழுவியே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்த வார்டில் ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த தாய் மரணம், ஜூனில் சுமார் 2 சதவீதத்துக்கு இறங்கியது. ஒரு விரல் காயம், உலகத்துக்கே கை கழுவக் கற்றுக்கொடுத்த கதை இது. நமக்கு இன்று ஆண்டிபயாடிக் இருக்கிறது. ஆனால், கிருமி என்னவோ அதே கிருமிதான்.

நகச்சுத்தி மாதிரியே தெரியும்... ஆனால், அது அல்ல!

சில சமயம் விரல் நுனியில் முதலில் எரிச்சல் எடுக்கும். பிறகு, தண்ணீர் மாதிரி தெளிவான சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வரும். இது பாக்டீரியா அல்ல; உதட்டோரம் கொப்புளம் உண்டாக்குகிற ‘ஹெர்ப்பீஸ்’ வைரஸ். வாயில் அந்தக் கொப்புளம் இருக்கும்போது விரல் சூப்புகிற குழந்தைகளுக்கும், மற்றவர்களின் வாய்க்குள் கை வைத்து வேலை பார்க்கிற பல் டாக்டர், நர்ஸ் போன்றவர்களுக்கும் வரலாம். இதைக் கீறவே கூடாது. கீறினால் பரவும். பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் தானாக ஆறும். தேவைப்பட்டால் டாக்டர் வைரஸ் மருந்து கொடுப்பார். அதனால்தான், ‘எந்தக் கொப்புளத்தையும் வீட்டில் குத்தாதே’ என்று திரும்பத் திரும்பச் சொல்வது.

இன்னொன்று. ஒரே ஒரு விரலில் மட்டும், மாதக்கணக்கில், என்ன செய்தாலும் ஆறாத புண்ணோ வீக்கமோ இருந்தாலும், நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு தோன்றி அந்தக் கறுப்பு தோலுக்கும் பரவினாலும் தோல் நிபுணரைப் பாருங்கள். அபூர்வமாகப் புற்றுநோய்கூட நகச்சுத்தி வேஷத்தில் வருவதுண்டு.

நாள்பட்ட வகை: தண்ணீரில் இருக்கிறது காரணம்

இப்போது இரண்டாவது வகைக்கு வருவோம். இது யாருக்கு வருகிறது? நாள் முழுக்கத் தண்ணீரிலும் சோப்பிலும் கை வைத்திருப்பவர்களுக்கு. பாத்திரம் தேய்ப்பவர்கள், துணி துவைப்பவர்கள், மீன் கழுவுகிறவர்கள், ஹோட்டல் சமையற்கட்டில் வேலை செய்பவர்கள், நர்ஸுகள். பிறகு, நம் வீட்டு இல்லத்தரசிகள்!

முன்பெல்லாம் இதைக் ‘காளான் தொற்று’ என்று மட்டுமே நினைத்து அதற்கே மருந்து கொடுத்தார்கள். ‘கேண்டிடா’ என்கிற ஈஸ்ட் வகைக் காளான் அந்த இடத்தில் அடிக்கடி தென்படும் என்பதும் உண்மைதான். ஆனால், இது அடிப்படையில் ஒரு தோல் அழற்சி. தண்ணீரும் சோப்பும் தோலை அரித்து க்யூட்டிகிளை அழித்துவிட்ட பிறகு, காளான் வாடகைக்குக் குடிவருகிறது என்றுதான் இப்போது தோல் நிபுணர்கள் கருதுகிறார்கள். 2002-ல் இத்தாலியத் தோல் மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், காளான் மாத்திரைகளைவிட, மேலே தடவுகிற ஸ்டீராய்டு களிம்புதான் நல்ல பலன் கொடுத்தது.

உடனே மருந்துக் கடைக்குப் போய் ஸ்டீராய்டு களிம்பு வாங்கிவிடாதீர்கள்! சீழ் பிடித்த திடீர் வகையிலோ, வைரஸ் கொப்புளத்திலோ அதைத் தடவினால் நிலைமை மோசமாகும். எந்த வகை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் களிம்பு.

ஆனால், எந்த மருந்தானாலும் ஒரு நிபந்தனை. கை உலர்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் களிம்பு, மறுபக்கம் மூன்று வேளை பாத்திரம் என்றால் எப்படி ஆறும்? கையுறை போட்டு வேலை செய்யுங்கள். வெறும் ரப்பர் கையுறை மட்டும் போட்டால் உள்ளே வியர்த்து அதுவே ஈரமாகிவிடும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. உள்ளுறை ஈரமானால் மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் விரல் இடுக்கெல்லாம் துடைத்து, தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவுங்கள். எலுமிச்சை, புளி, தக்காளி பிசையும்போது கரண்டியைப் பயன்படுத்துங்கள்.

பொறுமை வேண்டும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ.தான் வளரும். முழு நகமும் புதிதாக வர ஆறு மாதம் ஆகும். க்யூட்டிகிள் திரும்ப ஒட்டிக்கொண்டதா என்பதுதான் குணமானதற்கு அடையாளம்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவின் விரல்களை என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் ஒரு வீட்டுப் பாத்திரம் தேய்க்கிறீர்கள். அவர் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கிறார். “கை நோவுதும்மா” என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போய்விடுமோ என்று சொல்லாமலும் இருக்கலாம். இரண்டு ஜோடி கையுறை வாங்கிக் கொடுங்கள். விரல் வீங்கியிருந்தால், சம்பளம் பிடிக்காமல் ஒரு வாரம் தண்ணீர் வேலையிலிருந்து லீவு கொடுங்கள். அந்த ஒரு வாரம் நீங்களும் உங்கள் கணவரும் பிள்ளைகளும் ஆளுக்கொரு தட்டு கழுவினால் குடி ஒன்றும் முழுகிவிடாது!

குழந்தைகளுக்கும் கால் விரல்களுக்கும்

பச்சைக் குழந்தையின் நகம் மெல்லியதாக இருக்கிறதே என்று சில தாய்மார்கள் பல்லால் கடித்து எடுப்பார்கள். வேண்டாம். உங்கள் வாய்க் கிருமி நேராகக் குழந்தையின் நகக்கண்ணுக்குப் போகும். குழந்தை தூங்கும்போது, முனை மழுங்கிய சின்னக் கத்தரியால் வெட்டுங்கள். நகம் கடிக்கிற பெரிய பிள்ளைகளை அடிக்காதீர்கள். பரீட்சை பயமா, ஸ்கூலில் ஏதாவது பிரச்னையா என்று கேளுங்கள்.

கால் கட்டை விரலில் வந்தால், பெரும்பாலும் நகம் சதைக்குள் வளர்ந்து குத்திக்கொண்டிருக்கும். கால் நகத்தை ஓரத்தில் வளைத்து ஆழமாக வெட்டாமல் நேராக வெட்டுங்கள். இறுக்கமான ஷூவைத் தவிருங்கள். சர்க்கரை நோயாளிகள் கால் விரலில் எதுவானாலும் கைவைத்தியமே செய்யக் கூடாது.

வராமல் தடுக்க...

நகத்தோரம் தோல் உரிந்தால் இழுக்காதீர்கள். நகவெட்டியால் அடியோடு நறுக்கிவிட்டு எண்ணெய் தடவுங்கள். நகத்தை ஒட்ட ஒட்ட வெட்டாதீர்கள். நகவெட்டி ஆளுக்கொன்று இருக்கட்டும். பார்லரில் க்யூட்டிகிளை வெட்டவோ தள்ளவோ வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள்; கருவிகளைக் கிருமி நீக்கம் செய்தார்களா என்று கேளுங்கள். அடிக்கடி நகச்சுத்தி வருகிறதா? ரத்தத்தில் சர்க்கரை அளவை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருப்பது இப்படித் தெரியவந்தவர்களும் உண்டு.

சரி, அந்த விடியற்காலை மூன்று மணிக்கு வருவோம். எலுமிச்சம்பழத்தைக் கழற்றுங்கள். விளக்கைப் போட்டு விரலை நன்றாகப் பாருங்கள். மேலே சொன்ன அபாய அறிகுறி எதுவும் இருக்கிறதா? இருந்தால் வீட்டில் ஒருவரை எழுப்பி இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இல்லையா? கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுங்கள். விடிந்ததும் முதல் வேலை டாக்டர். காபி போடுவதும் டிபன் கட்டுவதும் ஒரு நாள் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உங்களுக்கு இருப்பது பத்தே விரல்கள்தான்!